இடது ஆள்காட்டி விரல்

எனக்கு வாய் அதிகம். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்லும்போது தலை தானாகக் குனிகிறது.

குடியிருப்பது பெரம்பலூரில். வேலை, அரியலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில். அறிவியல் ஆசிரியர். பல வருடங்களாகக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். காலை பஸ்ஸின் கடைசி நீள சீட்டும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு வரிசையும் எங்கள் கூட்டத்துக்கு என்று ஆகிவிட்டது. வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், சிமெண்டு ஆலைக்குப் போகிற இரண்டு பேர். ஏறி உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கும். அரியலூரில் இறங்கும்வரை நிற்காது.

என்ன பேச்சு? எல்லாம்தான். ராத்திரியில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்குமா, வெயில் காலத்தில் முட்டை சூடா, புளியமரத்தடியில் படுத்தால் ஏன் நெஞ்சு அடைக்கிறது, அரிசிச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் சர்க்கரை இறங்குமா. நடுநடுவே அரசியல். யார் வருவார், யார் வந்தால் நாடு உருப்படும், யார் வந்தாலும் ஏன் உருப்படாது. எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு தீர்ப்பு கையில் இருக்கும்.

இதில் என்னுடைய வேலை தனி. யார் என்ன சொன்னாலும், "ஆதாரம் என்ன சார்?" என்று கேட்பேன். கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது என்று ஒருவர் சொன்னால் விடமாட்டேன். "நிலா மறைஞ்சா உங்க வூட்டு சாம்பார் எப்படி சார் கெட்டுப்போவும்?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். சொன்னவர் முகம் சுருங்கும். அது எனக்குக் காலை காபி மாதிரி. எனக்கு 'ஆதாரம் சார்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கூட வரும் கணக்கு வாத்தியார்தான் வைத்தது. கேலிக்குத்தான் வைத்தார். நான் அதைப் பட்டயம் போல எடுத்துக்கொண்டேன்.

ஆனால் என்னிடமும் ஆதாரமில்லாத சரக்கு நிறைய இருந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டைப் பற்றியது. "நம்ம ஜனங்க காசு வாங்கிட்டு ஒருத்தரே ரெண்டு ஓட்டு மூணு ஓட்டு போடுறாங்க சார். விரல்ல பப்பாளிப் பாலைத் தடவுனா மை போயிடும். கிராமத்துல எல்லாருக்கும் தெரியும்." இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எந்தக் கிராமத்தில், யார், எப்போது? ஒருவரும் கேட்கவில்லை. ஆதாரம் கேட்கிற ஆள் நான்தானே. என்னிடம் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் நிற்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் என் விரலிலும் மை வைக்கிறார்கள். ஒருநாளாவது ஒரு சொட்டுப் பாலைத் தடவிப் பார்த்தேனா என்றால், இல்லை.

அந்தச் சித்திரையில் எனக்குத் தேர்தல் வேலை வந்தது. வரதராஜன்பேட்டை தாண்டி ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவில் மாதா கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் எங்கள் வாக்குச்சாவடி. ஊரைச் சுற்றி முந்திரிக் காடு. முந்தின நாள் மாலை பெட்டி, மிஷின், பேப்பர் கட்டுகளோடு நாங்கள் போய் இறங்கியபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து காரமான புகை வந்தது. தொண்டை கமறியது.

"என்னங்க இது நாத்தம்?" என்று கேட்டேன்.

எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்து வைத்த ஊர்க்காரர், "கொட்டை வறுக்கிறாங்க சார். சீசனு. வறுத்து ஒடைப்பாங்க" என்றார்.

"ஓ, பாயசத்துல போடுறதா!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டேன். எதற்காக இதைச் சொல்கிறேன்? விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லக் கூடாது. எனக்கு முந்தின நாளே சொல்லப்பட்டது.

போதாததற்கு நான் அறிவியல் ஆசிரியர். பழத்துக்கு வெளியே விதை தொங்குகிற விந்தை என்று முந்திரியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவன். அந்த விதையின் மேல்தோலில் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலில் பட்டால் வெந்துவிடும் என்பதும் பாடத்தில் சொன்னதுதான். ஓட்டுக்கு வைக்கிற மை எப்படி வேலை செய்கிறது என்பதும் பாடத்தில் சொன்னதுதான். வைக்கும்போது ஊதா, வெயில் பட்டால் கருக்கும். இரண்டும் என் வாயிலிருந்து வருடா வருடம் வந்தவை.

எங்கள் குழுவுக்குத் தலைமை, ஓய்வுபெற இன்னும் ஓரிரு வருடமே இருந்த ஒரு தலைமையாசிரியை. அதிகம் பேசமாட்டார். எல்லாரும் 'மேடம்' என்போம். நான் இரண்டாவது அலுவலர். வருகிறவரின் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டும், அதில் பழைய மை இல்லை என்றால் புது மை வைக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். எனக்குப் பின்னால் சுவரோரமாகக் கட்சி ஏஜெண்டுகள் பட்டியலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் நல்ல கூட்டம். என் வாய் சும்மா இருக்குமா? விரலை நீட்டியவர்களிடம் எல்லாம் ஒரு வார்த்தை. "என்னங்க, கை இவ்வளவு ஜில்லுனு இருக்கு?" "தம்பிக்கு மொத ஓட்டா?" சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கிராமத்து ஜனங்களோடு நான் எவ்வளவு இயல்பாகப் பழகுகிறேன் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம்.

நடுப்பகலுக்குக் கோயில் மணி அடித்தது. வரிசையில் நின்றவர்களில் பலர் நின்ற இடத்திலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேடம் வெளி வராந்தாவில் போனில் இருந்தார். இதுவரை எத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது என்று அவ்வப்போது மேலே சொல்ல வேண்டும். சிக்னல் உள்ளே கிடைக்காது.

அப்போதுதான் அந்த அம்மா என் மேசைக்கு வந்தார். ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, அடையாள அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிடித்திருந்தார். முதல் மேசையில் பட்டியலில் பேர் பார்த்து அனுப்பிவிட்டார்கள். என்னிடம் இடது கையை நீட்டினார்.

ஆள்காட்டி விரல் கறுப்பாக இருந்தது. நகம், நகத்தடி, கணு வரைக்கும்.

எனக்குள் ஒரு துள்ளல். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தது இதோ என் கைக்கே வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

"ஏம்மா, மை ஏற்கெனவே இருக்கே?" என்றேன். சத்தமாகவே.

"மையில்லீங்க சார். கொட்டை ஒடைக்கிற கைங்க இது."

"எந்தக் கொட்டை?"

"முந்திரிக்கொட்டைங்க. பாலு பட்டுப்பட்டு இப்புடி ஆயிடுச்சு. போவ மாட்டேங்குதுங்க."

"அப்படியா? சரி, எல்லா விரலையும் காட்டு பாப்போம்."

என் அம்மா வயதிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் அக்கா வயது நிச்சயம் உண்டு. 'காட்டு' என்றேன். காலையிலிருந்து வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்த ஒவ்வொருவரிடமும் 'காட்டுங்க' என்று சொன்ன வாய்தான்.

அவர் அடையாள அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் என் மேசை மேல் விரித்து வைத்தார். பத்து விரலும் கறுப்பு. சில இடங்களில் தோல் உரிந்து, உரிந்த இடமும் கறுத்திருந்தது.

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? பத்து விரலும் மேசை மேல் இருக்கிறது. ஆதாரம் சார் கண்ணுக்கு ஒரு முழத்தில் ஆதாரம் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு ஜோக் தோன்றிவிட்டது.

"என்னம்மா, பத்து விரலுக்கும் பத்து ஓட்டா? எவ்வளவு குடுத்தாங்க?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுவரோரம் இருந்த ஏஜெண்டுகளில் ஒருவர் எழுந்தார். "சார், அவங்க எங்க தெருதான். கொட்டை ஒடைக்கிறவங்க. அது மையில்ல சார்."

"நீங்க ஏஜெண்டா, வக்கீலா? உக்காருங்க மொதல்ல," என்றேன். கட்சிக்காரர் பரிந்து பேசுகிறார் என்றால் விஷயம் ஊர்ஜிதம் என்று எனக்கு அப்போது தோன்றியது. எதைப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாகவே தெரிந்தது.

அந்த அம்மாவைப் பார்த்து, "ஓரமா நில்லு. மேடம் வந்து சொல்லட்டும்" என்றேன். அவர் ஓரமாக நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தால் நிற்குமே, அப்படி. நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஐந்தாறு பேர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. வரிசையில் பின்னால் நின்ற மூன்று பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கையை முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். இன்னொருத்தி விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள். அப்படியே வரிசையை விட்டு நகர்ந்து, வராந்தாவில் இறங்கிப் போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா? மாட்டிக்குவோம்னு ஓடுறாங்க," என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சமாவது ஆறுதல் இருக்கும். சொன்னேன்.

மேடம் போனை முடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நடந்ததை நான் விவரமாக, கொஞ்சம் ருசியாகவே சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எந்த விரல்ல சார் மை இருந்துச்சு?"

"எல்லா விரல்லயும் மேடம். பத்துலயும்!"

"பத்து விரல்லயும் எந்த பூத்துல சார் மை வைப்பாங்க?"

மேசையில் இருந்த மைப்புட்டியை மூடி வைத்தேன்.

"நான் ஆண்டிமடத்துல பொறந்தவ," என்றார் மெதுவாக. "எங்க தெருவுல பாதிப் பொம்பளைங்களுக்குக் கை இப்படித்தான் இருக்கும். சீசன் முடிஞ்சு மழை வந்தாத்தான் வெளுக்கும். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே சார்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதிலுக்குப் பேசி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஏஜெண்டு பக்கம் திரும்பி, "தம்பி, அந்தம்மாவையும் அந்த மூணு பேரையும் யாரையாவது விட்டு வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். ஏஜெண்டு வெளியே நின்ற ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எனக்கு நேரமே போகவில்லை. விரல்கள் வந்தன, மை வைத்தேன், கையெழுத்து வாங்கினேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை. வாசலில் நிழல் அசைந்தால் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தால் எப்படி முகத்தைப் பார்ப்பது என்றும் நினைத்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு மூடி வைத்தேன். போனவர் திரும்பி வந்து, "சொல்லியாச்சு மேடம், வராங்களான்னு தெரியல" என்றார். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. கூட்டம் ஓய்ந்து, எப்போதாவது ஒருவர் வந்தார்.

ஐந்து மணி தாண்டியபின் அந்த அம்மா வந்தார். வேறு புடவை கட்டியிருந்தார். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். என் மேசைக்கு வந்து, நான் கேட்பதற்கு முன்னால் இடது கையை நீட்டினார்.

மற்ற விரல்கள் கறுப்பாக அப்படியே இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் சிவந்து கிடந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, சதை தெரிந்து, ஓரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"செங்கல்ல வச்சுத் தேய்ச்சேங்க சார். இப்பப் பாருங்க, மை இல்லீங்க."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சார் கேட்டார், செய்துகொண்டு வந்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னார். மேடம் இவருக்காகச் சொல்லி அனுப்பியது என்ன, ஊரில் போய்ச் சேர்ந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. விரலைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அந்த சார் விடுவார் என்று இவருக்குப் பட்டிருக்கிறது. அப்படிப் பட வைத்தது நான்.

மேடம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அந்த விரலைப் பார்த்தார். விரலில் புண் இருந்தால் வேறு விரலில் வைக்கலாமா என்று நான் முணுமுணுத்தேன். மேடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா கையை இன்னும் முன்னால் நீட்டினார். "வேணாங்க, இதுலயே வையுங்க. அப்புறம் நாளைக்கி யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க."

மைக்குச்சியை எடுத்தேன். நகத்தின் மேலிருந்து தோல் வரைக்கும் கோடு இழுக்க வேண்டும். தோல் இருந்தால்தானே.

"எரியும்மா," என்றேன்.

"போடுங்க சார். இதெல்லாம் ஒரு எரிச்சலா? பழகுன கைதாங்க."

போட்டேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கை மட்டும் ஆடவில்லை.

அப்புறம் பதிவேட்டைத் திருப்பினேன். யோசிக்காமலே இன்க் பேடைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"கையெழுத்துப் போடுவேங்க சார்."

முதலெழுத்து வைத்து, புள்ளி வைத்து, பெயரை முழுதாக எழுதினார். நிதானமான, உருண்டையான எழுத்து. என் வகுப்பில் அப்படி எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். நான் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை.

சீட்டைக் கொடுத்தேன். மறைப்புக்குள் போனார். மிஷின் நீளமாகச் சத்தம் கொடுத்தது. வெளியே வந்தவர் வாசல் வரை போய்விட்டு மேடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அந்த மூணு பேரும் வரலைங்கம்மா. கூப்புட்டேன். சாரு திட்டுவாரு, நாங்க வரலைன்னுட்டாங்க."

என் பக்கம் திரும்பவில்லை. போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டாயா என்றால், கேட்கவில்லை. கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அறையில் யார் இருந்தார்கள்? நாங்கள் நான்கு பேர், ஏஜெண்டுகள், வாசலில் ஒரு போலீஸ்காரர். நடுப்பகலில் ஐம்பது பேருக்கு முன்னால் கேலி பேச முடிந்த எனக்கு, சாயங்காலம் ஏழெட்டுப் பேருக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. மிஷினைப் பூட்டி அரக்கு வைத்தோம். அந்த ஏஜெண்டு தன் பட்டியலில் அடிக்காமல் விட்டிருந்த பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதில் அந்த மூன்று எவை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் என்ன சொன்னாலும் பாதியில் குறுக்கே பேசுகிறவள், அன்று கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தம்மா போறப்ப, பத்திரமா மருந்து போட்டுக்கங்கன்னாச்சும் சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் கணக்கு வாத்தியார் கேட்டார். "என்ன ஆதாரம் சார், ட்யூட்டி எப்படி? கள்ள ஓட்டுக் கேஸ் எதும் மாட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லபடியா முடிஞ்சுது," என்றேன்.

"உங்ககிட்ட மாட்டாம எங்க போவாங்க? காசு வாங்கிட்டு ரெண்டு மூணு போடுறவங்கதானே!" என்று என் வசனத்தை எனக்கே திருப்பிச் சொன்னார். கூட்டம் சிரித்தது. நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக ஜெயங்கொண்டம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவின் ஊருக்குப் போகிற டவுன் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். ஏறினால் முக்கால் மணி நேரம். போய்க் கோயில் பக்கத்தில் இறங்கி, கொட்டை உடைக்கிறவர்கள் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். படியில் ஒரு காலும் வைத்தேன். போய் என்ன சொல்வது, அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டால் என்ன செய்வது, இவர்தான் அன்றைக்குத் திட்டிய சார் என்று யாராவது சொன்னால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்தேன். "ஏறுறீங்களா இல்லையா சார்?" என்றார் கண்டக்டர். காலை எடுத்துவிட்டேன். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது பாயசத்துக்கு முந்திரி போடுவதில்லை. நான் வேண்டாம் என்றேன். "போடாம விட்டா அவங்க விரல் ஆறிடுமாக்கும்?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதும் சரிதான். முந்திரியை நிறுத்தினால் அந்த அம்மாவுக்குக் கூலிதான் குறையும். இதுவும் நான் யோசிக்காமல் செய்ததுதான்.

அடுத்த தேர்தல் வந்தது. மறுபடியும் வேலை, மறுபடியும் இரண்டாவது அலுவலர். அரியலூரில் பயிற்சி வகுப்பு. ஒரு பெரிய ஹாலில் வாத்தியார்கள் எல்லாம் விசிறிக்கு அடியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். பயிற்சி கொடுத்த அதிகாரி விரல் பார்க்கிற பகுதிக்கு வந்தார். "கவனமா பாருங்க. மை இருந்தா உடனே தலைமை அலுவலர்கிட்ட சொல்லுங்க. ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

பின்வரிசையில் யாரோ, "மையை அழிச்சுட்டு வருவாங்களே சார், பப்பாளிப் பாலைத் தடவி?" என்றார். ஹாலில் சிரிப்பு.

நான் எழுந்தேன். எழுந்தபோது முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அது சத்தியம். முன்னூறு தலைகள் திரும்பின.

"சார், வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை ஒடைக்கிறவங்க நிறைய. அவங்க விரல் எல்லாம் கறுப்பா இருக்கும். அதை மைன்னு நினைச்சுடக் கூடாது. பத்து விரலும் கறுப்பா இருந்தா அது வேலை செய்யிற கை. அவங்களை அசிங்கப்படுத்திடக் கூடாது," என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அருமையான பாயிண்ட் சார். எல்லாரும் நோட் பண்ணிக்கங்க. இந்த மாதிரி அனுபவம் உள்ளவங்கதான் நமக்கு வேணும்," என்றார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் திரும்பி எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"உங்க பூத்துல அப்படி யாராவது வந்தாங்களா சார்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு அம்மா வந்தாங்க சார்."

"ஓட்டுப் போட்டாங்கள்ல?"

"போட்டாங்க சார்," என்றேன்.

"வெரி குட். உக்காருங்க."

மற்ற மூன்று பேரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.